முன்பாரம்

டிராக்டர் முன்னங்காலைத் தூக்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பின்னால் மாட்டிய டிரெய்லரில் அளவுக்கு மேல் ஏற்றி மேட்டில் இழுக்கச் சொன்னால், முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிடும். எங்கள் பக்கம் அதை ‘மூக்கைத் தூக்குது’ என்பார்கள். மூக்கைத் தூக்கும் வண்டிக்கு என்ன வைத்தியம் என்று கேட்டால், பாரத்தைக் குறை என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் வீட்டு ஆட்கள் வேறு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். முன்னாலும் பாரம் ஏற்றினார்கள். அந்தப் பாரம் எங்கள் பெரியப்பா.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலைப்பக்கம் போகும் வழியில் எங்கள் காடு. அப்பாவோடு பிறந்த ஆண்கள் இரண்டு பேர். மூத்தவர் பெரியப்பா, கடைசி சித்தப்பா. எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. பெரியப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பெருத்த உடம்பு. வரப்பில் நடந்தால் வரப்பு சரியும், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு தொய்யும். மண்வெட்டியைப் பிடித்து நாலு கொத்து கொத்தினால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடுவார். வேலை செய்கிற வீட்டில் வேலை செய்ய முடியாத ஆள் என்றால் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் எங்கள் வீட்டிலும் பேசினார்கள். திட்ட மாட்டார்கள், கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டில் அடுத்த களி உருண்டைக்குக் கையை நீட்டாமல் எழுந்துவிடுவார். அது கூச்சம் என்று எனக்கு அப்போது தெரியாது. வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

சித்தப்பா பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி வந்தபிறகு இது மாறியது. தருமபுரியில் ஒரு பட்டறையில் டிரெய்லர் கட்டிக்கொண்டு வந்தார்கள். நீலப் பெட்டி. அதன் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் வெறும் எடை இவ்வளவு, பாரத்தோடு எடை இவ்வளவு என்று எழுதியிருந்தது. சட்டப்படி எழுதியே ஆகவேண்டும் என்பதால் பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்தது. நான் அப்போது ஐந்தாவது படித்தேன். கண்ணில் படுவதை எல்லாம் சத்தமாக வாசிக்கிற வயது. வாசித்துவிட்டு, அப்படியென்றால் ஐந்து டன்னுக்கு மேல் ஏற்றக்கூடாதா என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

“அது போலீஸ்காரங்க படிக்கிறதுக்கு எழுதுனது பாப்பா. வண்டிக்குப் படிக்கத் தெரியாது” என்றார்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்றைக்கு லாரியோ டெம்போவோ முன்னால் போனால், சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, பெட்டியில் எழுதியதைப் படித்து, அதன் டயர் பிதுங்குகிறதா என்று பார்த்து, பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு வியர்த்துவிடுகிறது. அப்போது அது ஒரு நல்ல நகைச்சுவை.

சித்தப்பா நல்ல ஓட்டுநர்தான். அதில் குறை சொல்ல முடியாது. மூக்கு தூக்கும்போது முன்சக்கரம் காற்றில் இருக்கும், ஸ்டியரிங் சும்மா சுற்றும். அவர் அசர மாட்டார். டிராக்டரில் வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக், இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக். எந்தப் பக்கம் திரும்பவேண்டுமோ அந்தப் பக்கத்தை மிதித்து மிதித்து வண்டியை வளைத்துவிடுவார். எடைமேடையில் ஒவ்வொரு முறையும் எத்தனை டன் வந்தது என்பதைப் பரீட்சை மார்க் மாதிரி டீக்கடையில் சொல்லுவார். போன தடவையைவிட இந்தத் தடவை குறைந்தால் அவர் முகம் தொங்கிவிடும்.

மூக்கைத் தாழ்த்துவதற்கு முதலில் உடைந்த உரல் ஒன்றை முன் பம்பரில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். அது போதவில்லை. ஒருநாள் சித்தப்பா விளையாட்டாகப் பெரியப்பாவை ஏறி உட்காரச் சொன்னார். வண்டி ஒழுங்காக மேடு ஏறியது. அன்று முதல் பாரம் ஏற்றினால் பெரியப்பா முன்னால் இருக்கவேண்டும் என்று ஆகிப்போனது. சமமான ரோட்டில் துண்டை மடித்துப் போட்டுப் பம்பரில் ரோட்டைப் பார்த்து உட்காருவார். செங்குத்தான மேடு வந்தால் எழுந்து திரும்பி, எங்களைப் பார்த்தபடி பம்பரில் நின்று, ரேடியேட்டருக்குக் காவலாக வைத்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்ப்பார். அப்படிச் சாய்ந்தால்தான் பாரம் நன்றாக அழுத்தும். இதை அவரே கண்டுபிடித்தார்.

அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டு கிளம்புவார். ஊரில் யாராவது எங்கே பயணம் என்று கேட்டால், நான் இல்லாம வண்டி மேடு ஏறாதுப்பா என்று பதில் சொல்லுவார். அது உண்மையும்கூட.

அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் குச்சிக்கிழங்கு போட்டிருந்தோம், ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற மரவள்ளி. வேறு எதுவும் விளையவில்லை. ஆகவே அந்த வருஷத்துக்கு எங்கள் வீட்டுச் சோறு, துணி, என் பள்ளிக்கூடம் எல்லாமே அந்தக் கிழங்குதான். குச்சிக்கிழங்கில் ஒரு சங்கடம் உண்டு. மண்ணுக்குள் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓட ஆரம்பித்துவிடும். நீலம் பாய்ந்த கிழங்கை எந்த மில்லும் வாங்காது. மாட்டுக்கும் போட முடியாது, போட்டால் மாடு செத்துப்போகும்.

ஆள் விட்டுக் கிழங்கு முழுவதையும் பிடுங்கிப் போட்ட அன்று சாயங்காலம் மில்லிலிருந்து தகவல் வந்தது. மில் கணவாய்க்கு அந்தப் பக்கம், சேலம் போகிற ரோட்டில் இருந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லாததால் மில்லை நிறுத்தப் போகிறார்களாம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் வந்து சேரும் கிழங்கை மட்டும் எடுத்துக்கொள்வார்களாம். எங்கள் கிழங்கோ இரண்டு நடைக்குக் குறையாது. மஞ்சவாடி கணவாய் ஏறி இறங்கி, மில் வாசலில் வரிசையில் நின்று, திரும்பி வர ஒரு பகல் ஆகிவிடும். ஒரு நடைதான் ஓட்ட முடியும்.

இரண்டு நடையையும் ஒரே நடையாக ஏற்றிவிடுவது என்று சித்தப்பா முடிவு செய்தார்.

காலையிலேயே ஏற்ற ஆரம்பித்தார்கள். பெட்டியின் பலகை உயரம் போதாமல், கிழங்குக் குச்சிகளையே சுற்றி நெருக்கமாக நட்டு, கயிறு கட்டி, வேலி மாதிரி உயர்த்தினார்கள். அதற்குள் கொட்டினார்கள். அதற்கு மேல் கோணி மூட்டைகளை அடுக்கினார்கள். டிரெய்லரின் டயர் அப்பம் போலத் தரையில் பரவியது. அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

“பாதியக் கொட்டிட்டுப் போலாம்டா. இது மலமேல ஏறுற பாரமா?” என்றார்.

“கொட்டிட்டு? நீலம் பாஞ்சதும் அள்ளி யார் வூட்டு மாட்டுக்குப் போடறது?” என்றார் சித்தப்பா. “அண்ணன் முன்னால இருக்குதில்ல. ஒண்ணும் ஆவாது.”

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் இருக்கிறேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். அத்தோடு பேச்சு முடிந்தது. அப்பா கட்டையை எடுத்துக்கொண்டார். மேட்டில் டிரெய்லருக்குப் பின்னால் ஒருவர் கட்டையோடு நடந்து வரவேண்டும். வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடை கொடுக்க.

கிளம்பும் முன் எல்லாரும் களி சாப்பிட்டார்கள். அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள், வீட்டுக்கு மூத்தவர் என்பதால் என்னை வைத்துத்தான் பேசுவாள். அன்றைக்கு என்னிடம், பெரியப்பாவை இன்னொரு உருண்டை வாங்கிக்கச் சொல்லு, கணவாய் ஏறணுமில்ல என்றாள். அப்படி அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டே, “போடுங்கண்ணி போடுங்க. உருண்டைக்கு ஒரு மூட்ட சேத்து ஏத்தலாம்” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா அந்த உருண்டையை வாங்கிக்கொண்டார். கருவாட்டுக் குழம்பைக் கேட்டு ஊற்றிக்கொண்டார். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதையும் அன்றுதான் பார்த்தேன்.

நானும் வண்டியில் போவதாக இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் அத்தை வீடு. பள்ளிக்கூடம் லீவு. அம்மா முதலில் வேண்டாம் என்றாள். பெரியப்பா நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜாடை காட்டியதும் விட்டுவிட்டாள். சித்தப்பா பக்கத்தில் மட்கார்டு மேல் உட்கார்ந்தேன். பெரியப்பாவோடு முன்னால் ஏறுவதற்குக் கிழங்கு பிடுங்க வந்த ஆட்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒல்லி. இவனுங்கள ஏத்தறதுக்குப் பதிலா இன்னொரு உரலைக் கட்டலாம் என்று பெரியப்பாவே கேலி செய்தார். எடை விஷயத்தில் அவர் பிறரைக் கேலி செய்கிற நாளும் வந்துவிட்டது.

ரோட்டில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். பெட்டியில் எழுதியதைப் படித்தார். மேலே குவிந்திருந்ததை அண்ணாந்து பார்த்தார். பிறகு முன்னால் வந்து பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, இவரையும் சேர்த்தா கணக்கு என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா சிரித்தார். அவரும் சிரித்தார். மூட்டையிலிருந்து நல்ல கிழங்காக நாலு எடுத்துக் கொடுத்தார்கள். பார்த்துப் போங்கப்பா என்று சொல்லி அனுப்பினார். அவர் அன்றைக்கு எங்களைப் பிடித்துக் கேஸ் எழுதியிருந்தால் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அப்போது, நல்ல போலீஸ்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

கணவாயின் முதல் மேட்டில் மூக்கு ஒரு சாண் எழும்பி இறங்கியது. முன்னால் இருந்த மூன்று பேரும் ஊஞ்சலில் போனவர்கள் மாதிரி கூவினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மூக்கு கொஞ்சம் தூக்கினால் பரவாயில்லை, அளவுக்கு மேல் தூக்கினால் வண்டி அப்படியே பின்னால் மல்லாந்து, ஓட்டுகிறவன் மேலேயே விழும். கம்பைநல்லூர் பக்கம் ஒருத்தர் அப்படிச் செத்துப்போயிருந்தார். சித்தப்பாவுக்குப் பழக்கமானவர். அந்தச் சாவுக்குப் பெரியப்பாதான் போய்வந்தார். போய்வந்து, முகம்கூட இல்லை என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டிருந்தேன். கேட்டது வேறு, மட்கார்டு மேல் உட்கார்ந்து போவது வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மேலே ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டியதும் ரோடு சட்டென்று வளைந்து ஏறும். பாலத்துக்கு முன்பே பெரியப்பாவும் மற்ற இரண்டு பேரும் எழுந்து எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். அப்பா பின்னால் கட்டையோடு நடந்து வந்தார். பாரம் மறைத்ததால் அவருக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கும் அவரைத் தெரியாது.

வளைவில் சித்தப்பா ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். மூக்கு எழும்பியது. வழக்கம்போல இறங்கவில்லை. இன்னும் எழும்பியது. ஒல்லியாக இருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கத்துக்கு ஒருவராகக் குதித்துவிட்டார்கள். அவர்கள் குதித்துக் கனம் குறைந்ததும் மூக்கு இன்னும் மேலே போனது. எனக்கு ரோடு தெரியவில்லை. புகைக்குழாயும் வானமும் பெரியப்பாவின் முகமும்தான் தெரிந்தன. அவர் எங்களுக்கு மேலே, உயரத்தில் நின்றார். இரண்டு கையையும் முழுசாக நீட்டிக் கம்பியைப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் வெளியே சாய்த்துத் தொங்கினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் மட்கார்டிலிருந்து பின்னால் சரிந்தேன்.

“புடிச்சுக்க பாப்பா” என்றார்.

நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்தேன். சித்தப்பா இரும்பு மாதிரி உட்கார்ந்திருந்தார். கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது. ஒற்றைப் பிரேக்கில் வண்டியை வளைக்கிற அந்தக் கால் அசையவில்லை. வாய் திறந்திருந்தது.

பெரியப்பா அவரைப் பார்த்தார். அதட்டவில்லை. வீட்டில் ஏதாவது எடுத்துவரச் சொல்லுவாரே, அந்தக் குரல்தான்.

“தம்பி. கிளச்ச மிதிடா.”

சித்தப்பா மிதித்தார். இழுப்பு நின்றது. தூக்கிய மூக்கு அப்படியே கீழே இறங்கியது. வெளியே சாய்ந்து தொங்கிய பெரியப்பாவின் முதுகு முதலில் ரோட்டில் பட்டது. அதற்கு மேல் பம்பர், அதில் கட்டியிருந்த உரல். அந்தச் சத்தம் வண்டிச் சத்தத்துக்குள்ளேயே கேட்டது. பிறகு வண்டி எங்களை இழுத்துக்கொண்டு பின்னால் உருண்டது. அப்பா சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தார். கட்டையும் வழுக்கியது. டிரெய்லர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கிழங்கு சரிந்து ரோடு முழுக்க உருண்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. சித்தப்பாவுக்கும் இல்லை.

அரூர் போகிற பஸ் வந்தது. ரோட்டில் கிழங்கும் டிரெய்லரும் கிடந்ததால் அதால் எங்களைத் தாண்ட முடியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜனம், ஆணும் பெண்ணும், வண்டியைத் தள்ளுவதற்காகப் பெட்டியில் இருந்ததையும் கை கையாக அள்ளி ஓரத்தில் எறிந்தார்கள். மூட்டைகளை உருட்டினார்கள். காலையில் பாதியைக் கொட்டலாம் என்று அப்பா சொல்லியும் கொட்டாத வண்டியை, யார் எவர் என்று தெரியாதவர்கள் கொஞ்ச நேரத்தில் காலி செய்துவிட்டார்கள். பெரியப்பாவைப் பஸ் சீட்டில் படுக்க வைக்க ஆறேழு பேர் தூக்கினார்கள். என்னா கனம் என்று யாரோ சொன்னார். அப்பா தலையை மடியில் வைத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு நினைவு இருந்தது. என்னைத் தேடினார். நான் பக்கத்தில் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது.

மில்லுக்கு எங்கள் கிழங்கு போகவில்லை. ரோட்டோரத்தில் கிடந்ததைப் போகிறவர் வருகிறவர் எடுத்துக்கொண்டது போக, மிச்சம் அங்கேயே நீலம் பாய்ந்து நாறியது. அந்த வருஷம் ஐந்தாவது முடித்ததும் என் பள்ளிக்கூடம் நின்றது. மற்றவர்கள் காட்டுக்குக் கிழங்கு பிடுங்கப் போனேன்.

போலீஸுக்கு அப்பா வேறு விதமாகச் சொன்னார். வண்டி பழுதாகி நின்றபோது அண்ணன் முன்னால் போய்ப் பார்த்தார், அப்போது உருண்டுவிட்டது என்று. ஏற்றிய பாரமும் தப்பு, பம்பரில் ஆளை நிறுத்தியதும் தப்பு. உண்மையைச் சொன்னால் சித்தப்பாவை உள்ளே வைத்துவிடுவார்கள். அம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய், யார் கேட்டாலும் தூங்கிவிட்டேன் என்று சொல்லு என்றாள். நான் அப்படியே சொன்னேன். ஆனால் யாரும் கேட்கவில்லை.

சாவுக்கு வந்தவர்களுக்கு மட்டும் உண்மை ஓரளவு தெரியும். கூட நின்று குதித்த இரண்டு பேரும் வந்திருந்தார்களே. அவர்கள் தாங்கள் குதித்த விதத்தைச் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். இவர்கள் சின்ன உடம்பு, குதிச்சுட்டாங்க. அவரால முடியல, பயத்துல கை விறைச்சுப் போச்சு, பாவம். அம்மா அதைக் கேட்டு அழுதாள். அன்றைக்குக் கொடுத்த கூடுதல் உருண்டையைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சாப்பிட்டது கனத்துப்போய்த்தான் குதிக்க முடியவில்லை என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன். அவரும் கையை விட்டிருந்தால் வண்டி எங்கள் மேல் மல்லாந்திருக்கும் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

சித்தப்பா யாரோடும் பேசவில்லை. பட்டினியாக மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். யாராவது பக்கத்தில் போனால் திரும்பிக்கொள்வார். எல்லாரும் தன்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அதைச் சொன்னால் அவர் எழுந்துவந்து சாப்பிடுவார்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல சித்தப்பா. பெரியப்பா கிளச்ச மிதிக்கச் சொன்னாரு, மிதிச்சீங்க. அவரு சொன்னதத்தான செஞ்சீங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து கொட்டகையை விட்டு வெளியே, கிணற்றுப் பக்கமாக வேகமாக நடந்தார். நான் சொன்னதில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டத்தான் போகிறார் என்று நினைத்து, வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.